கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

அடைமழை விட்ட மறுநாள் காலை. கொடியில் துணி காயப்போடத் தோட்டத்துப் பக்கம் போகிறீர்கள். ஒரு கடப்பாக்கல்லின் மூலையில் கால் பட்டதும் எதிர் மூலை எழும்புகிறது. அடியில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீர் புடவைக் கரையிலோ வேட்டியிலோ பீய்ச்சியடிக்கிறது. நான்கைந்து கற்கள் இப்படி ஆடத் தொடங்கியதும் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். அவர் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கலவை போட்டு வைத்துவிடலாம், அசையாது" என்கிறார். வைத்தும் விடுகிறார். இரண்டு மழைக்காலம் போனதும் அதே கற்கள் மீண்டும் ஆடுகின்றன. இம்முறை அடியில் ஒட்டிய கலவையோடு சேர்ந்து ஆடுகின்றன.

எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை நானே கடப்பாரையை எடுத்துக் கற்களைப் பெயர்த்துப் பார்த்தபோதுதான் கேள்வியையே தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. "கல்லை எதைக் கொண்டு ஒட்டுவது?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கல் ஆடுவது ஒட்டாததால் அன்று. அதன் அடியில் ஓரிடத்தில் தாங்கல் இருந்து, இன்னோரிடத்தில் இல்லாமல் போனதால். ஆகவே கேட்க வேண்டியது, இந்த மண்ணுக்கும் இந்தக் கல்லுக்கும் இங்கே வரும் பாரத்துக்கும் எந்தப் படுக்கை பொருந்தும் என்பதைத்தான்.

முதலில் ஓர் அடிப்படை. தோட்டத்துத் தளம் என்பது கல் மட்டும் அல்ல. கீழிருந்து மேலாக, முதலில் இயற்கையாக இருக்கும் அடிமண். அதன்மேல் ஜல்லியும் கிரஷர் தூளும் (கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கல்தூள்) போட்டு இறுக்கிய அடித்தளம். அதற்கும் மேலே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கனத்தில் மணலோ கலவையோ பரப்பிய படுக்கை. கடைசியில் கல். காலோ வண்டிச் சக்கரமோ கொடுக்கும் அழுத்தத்தை அகலமான பரப்பில் பிரித்து அடிமண்ணுக்குக் கடத்துவது அடித்தளத்தின் வேலை. கல்லின் அடிப்பக்க மேடுபள்ளங்களில் இடைவெளி இல்லாமல் பொருந்திக்கொள்வது படுக்கையின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. அடித்தளத்தில் இருக்கும் பள்ளத்தைப் படுக்கை மணலைக் கூட்டிப் போட்டு நிரப்பினால், மணல் கனமாக இருக்கும் இடம் நாளடைவில் அதிகம் இறங்கும், மெல்லியதாக இருக்கும் இடம் குறைவாக இறங்கும். கல் சாய்ந்துவிடும்.

புதிதாகத் தளம் போடுகிறவருக்கு இல்லாத ஒரு வசதி, பழைய கல்லை எடுத்துப் போடுகிறவருக்கு உண்டு. தளம் எப்படிக் கெட்டது என்பதற்கான சாட்சியம் முழுதும் அங்கேயே கிடக்கிறது. அதைப் படிக்காமல் கற்களை அள்ளி ஓரமாக அடுக்கிவிட்டால் சாட்சியம் அழிந்துவிடும். எனவே பெயர்ப்பதற்கு முன் அரைமணி நேரம் செலவிடுங்கள்.

ஒவ்வொரு கல்லையும் சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் முழுத் தாங்கல் உள்ள கல் அடங்கிய சத்தம் கொடுக்கும். பொள்ளலாக இருக்கும் கல் காலிக் குடத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும். ஒலிக்கும் கற்களின்மேல் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தால், கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு வரைபடம் தெரியும்.

குறிகள் வீட்டுச் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தால், வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக இறுக்காமல் மூடியிருக்கிறார்கள். அந்த மண் பல வருடங்கள் கழித்தும் மெல்ல இறங்கும். கற்கள் சுவரை நோக்கிச் சாயும், மழைத் தண்ணீர் சுவரடிக்குப் போகும், அது மண்ணை இன்னும் இளக்கும். குறிகள் தோட்டத்தின் குறுக்கே ஒரே கோடாக ஓடினால், அதன் கீழே கழிவுநீர்க் குழாயோ குடிநீர்க் குழாயோ போகிறது என்று பொருள். அங்கே குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்காமல் கல்லைத் திரும்பப் பதிப்பது வீண். ஒரு மரத்தைச் சுற்றிக் கற்கள் இறங்காமல் மேலே எழும்பியிருந்தால் வேர்தான் காரணம். வேப்ப மரத்தின் தடித்த வேர் கான்கிரீட்டையே தூக்கிவிடும். அங்கே கல்லை மரத்தை விட்டுத் தள்ளிப் போட்டு, நடுவே மண்ணைத் திறந்து விடுவதுதான் வழி.

இணைப்புகளின்மேல் சின்னச் சின்ன மணல் கூம்புகள் தெரிந்தால் அது எறும்பு. படுக்கையாகப் போட்ட மெல்லிய மணலை அது துகள் துகளாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. கல்லோரத்தில் கை நுழையும் அளவு ஓட்டை இருந்தால் பெருச்சாளி. கல் பதிக்கும் முறைகளைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வரும் விளக்கங்களில் பனியும் உறைபனியும் இருக்கும், பெருச்சாளி இருக்காது. நம் ஊரில் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனிக் கல்லைப் புரட்டுங்கள். எங்கள் வீட்டுக் கற்களின் அடியில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் ஐந்து கலவை உருண்டைகள் ஒட்டியிருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் பொள்ளல். இது வேலையைச் சீக்கிரம் முடிக்கும் முறை. உருண்டை வைத்துக் கல்லை மேலே வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் மட்டம் வந்துவிடும். ஆனால் கல் ஐந்து கால்களில் நிற்கும் மேசையாகிவிடுகிறது. ஒரு கால் அமர்ந்தால் ஆட்டம், இரண்டு கால்களுக்கு இடையே பாரம் விழுந்தால் விரிசல். பொள்ளலில் தேங்கும் தண்ணீர் கல் வழியாக மேலேறிக் காயும்போது வெள்ளையாக உப்புப் பூக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த உருண்டை முறையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லின் அடிப்பக்கம் முழுவதும் படுக்கையைத் தொட வேண்டும்.

பழைய கலவையைக் கொத்தி எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் இனம். சிமெண்டைக் கரைக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினால் கல்லின் முகமும் சேர்ந்து அரித்துவிடும். உளியும் பொறுமையும் போதும்.

அடுத்தது மண். இங்கேதான் முடிவின் பெரும்பகுதி இருக்கிறது. என் அக்கா திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறார். அங்கே தோண்டினால் மணல். நான் இருப்பது அண்ணா நகர்ப் பக்கம். இங்கே தோண்டினால் மண்வெட்டியில் அப்பிக்கொள்ளும் களிமண். இரண்டு வீட்டிலும் ஒரே கடப்பாக்கல். அக்கா வீட்டில் வெறும் மணலில் போட்ட நடைபாதை பல வருடங்களாக அப்படியே கிடக்கிறது. எங்கள் வீட்டில் சிமெண்ட் போட்டும் நிற்கவில்லை. மணல் தண்ணீரை உடனே கீழே விட்டுவிடும், நனைந்தாலும் காய்ந்தாலும் அதன் பருமன் பெரிதாக மாறாது. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் மண்ணில் இது உச்சம். கோடையில் அந்த மண்ணில் விழும் வெடிப்புகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கீழே தரை ஆண்டுக்கொரு முறை மூச்சு வாங்கி விடுகிறது என்றால், அதன்மேல் விறைப்பாக ஒட்டிய எதுவும் எங்காவது உடையத்தான் செய்யும்.

உங்கள் மண் எது என்று அறிய ஒரு கண்ணாடிப் புட்டி போதும். ஓரடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களுக்குள் அடியில் படிந்துவிடும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களி அதிகம். அவசரக்காரர்கள் ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துத் திரிபோல உருட்டிப் பார்க்கலாம். உடையாமல் மெல்லிய திரி வந்தால் களிமண்.

இவ்வளவும் தெரிந்த பிறகு படுக்கையைத் தேர்வது கடினமில்லை. நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு.

எளியது, இறுக்கிய மண்ணின்மேல் நேராக மணலைப் பரப்பிக் கல் போடுவது. அடிமண் மணலாக இருந்து, ஆட்கள் மட்டும் நடக்கும் பாதையாகவும் இருந்தால் இது போதும். செலவு மிகக் குறைவு. செடிகளுக்கு நடுவே தாவித் தாவிப் போகும்படி தனித்தனியாகப் போடும் கற்களுக்கும் இதுவே சரி. களிமண்ணில் இதைச் செய்யாதீர்கள். முதல் மழையிலேயே மணலும் சேறும் கலந்து கூழாகிவிடும்.

இரண்டாவது, ஜல்லியும் தூளும் கலந்து இறுக்கிய அடித்தளம், மேலே கரகரப்பான மணல் படுக்கை, சிமெண்ட் இல்லை. எடுத்துப் போடும் வேலைக்கு என் முதல் பரிந்துரை இதுதான், களிமண் வீடுகளுக்கு இன்னும் அழுத்தமாக. மண் சற்று அசைந்தால் தளமும் சேர்ந்து அசைந்துகொடுக்கும், உடையாது. ஒரு கல் இறங்கினால் அதை மட்டும் தூக்கிச் சரிசெய்யலாம். குழாய் வேலை வந்தால் கல் உடையாமல் எடுக்கலாம். மழைத் தண்ணீரும் இணைப்புகள் வழியாக மண்ணுக்குள் இறங்கும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. ஒரு குழாயை மட்டும் குழிக்குள் விட்டுவிட்டுச் சுற்றிலும் சிமெண்டால் பூசி மெழுகுவதை நாம் எப்படிக் கூசாமல் செய்கிறோம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்றாவது, அதே ஜல்லி அடித்தளத்தின்மேல் மணலுக்குப் பதிலாக ஈரப்பதமான சிமெண்ட் மணல் கலவை. ஒரு பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல். தண்ணீர் மிகக் குறைவு. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. இதை முழுப் பரப்பிலும் பரப்பி மட்டம் பார்த்து, கல்லின் அடிப்பக்கம் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி அமர்த்துவார்கள். கல் மெல்லியதாக இருந்தால் இதுதான் பாதுகாப்பு. முக்கால் அங்குலக் கடப்பாக்கல் 2 அடிக்கு 2 அடி அளவில் வெறும் மணல்மேல் கிடந்தால், மணல் ஓரிடத்தில் விலகினாலே போதும், உடைந்துவிடும். ஒன்றரை அங்குலக் கனம் உள்ள கல் என்றால் மணல் படுக்கையை நம்பலாம். பெருச்சாளித் தொல்லை உள்ள வீட்டுக்கும் மூன்றாம் வழியே நல்லது.

நான்காவது, கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் கலவையில் கல் பதிப்பது. வண்டி நிற்கும் இடத்துக்கு, கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இது வேண்டியிருக்கும். தோட்டத்து நடைபாதைக்கு இது தேவையில்லாத செலவு. களிமண்ணில் கான்கிரீட்டின் அடியிலும் ஜல்லி அடித்தளம் வேண்டும், பெரிய பரப்பாக இருந்தால் இடையிடையே பிரிப்பு விட வேண்டும். கார் ஏறும் இடத்தில் மெல்லிய கடப்பாக்கல்லை விட்டுவிட்டு பேவர் பிளாக்குக்கு மாறுவது புத்திசாலித்தனம். 2006-இல் வந்த இந்தியத் தர விதியான ஐ.எஸ். 15658, வண்டி போகாத இடத்துக்கு 50 மி.மீ. கனத்தையும் எம்-30 என்ற வலிமைத் தரத்தையும், இலகு வண்டி போகும் இடத்துக்கு 60 மி.மீ. கனத்தையும் எம்-35 தரத்தையும் சொன்னது. பேவர் பிளாக்குக்கும் அடித்தளமும் மணல் படுக்கையும்தான் உயிர். அவற்றைச் சரியாகச் செய்யாத தெருக்களில் பிளாக்குகள் அலையலையாக இறங்கிக் கிடப்பதை நாம் தினமும் மிதித்துக்கொண்டுதான் போகிறோம்.

இரண்டாவது வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே பொருந்தும் என்பதால்.

மேல்மட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள். முடிந்த தளம் வீட்டுத் தரைமட்டத்தைவிட அரை அடியாவது தாழ்வாக இருக்க வேண்டும். பழைய தளத்தின்மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு வாசற்படிக்குச் சமமாக உயர்த்திவிட்ட வீடுகளில், சுவரின் அடிப்பகுதியில் ஈரமேறிச் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்க்கலாம். பிறகு வாட்டம். வீட்டை விட்டு விலகும் திசையில் 5 அடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மட்டக்குழாயால் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) குறித்து நூல் கட்டிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

நூலிலிருந்து கீழே எவ்வளவு தோண்டுவது? கல் ஒன்றரை அங்குலம், படுக்கை ஒன்றரை அங்குலம், அடித்தளம் 4 அங்குலம். மொத்தம் 7 அங்குலம். மணல் பாங்கான மண்ணில் அடித்தளத்தை 3 அங்குலமாகக் குறைக்கலாம். களிமண்ணில் 6 அங்குலமாகக் கூட்டுங்கள். களிமண்ணில் இன்னொன்றும் வேண்டும். ஜல்லியைக் கொட்டுவதற்கு முன் ஜியோ டெக்ஸ்டைல் துணியைப் பரப்புங்கள். அது தண்ணீரை விடும், சேறு மேலேறி ஜல்லி இடுக்குகளை அடைப்பதைத் தடுக்கும். சிலர் இதற்குப் பதிலாக பாலித்தீன் தாளை விரிக்கிறார்கள். அது தண்ணீரைத் தேக்கி, தளத்தின் அடியில் ஒரு சிறு குளத்தை உண்டாக்கிவிடும்.

10 அடிக்கு 10 அடி இடத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 4 அங்குல அடித்தளம் என்றால் இறுகிய பிறகு 33 கன அடி. முக்கால் அங்குல ஜல்லி 2 பங்கு, கிரஷர் தூள் 1 பங்கு என்ற கணக்கில் ஏறத்தாழ 35 கன அடி ஜல்லியும் 17, 18 கன அடி தூளும் வேண்டும். கூட்டினால் 33-ஐத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம், தூள் ஜல்லியின் இடுக்குகளுக்குள் போய்விடும். கடையில் யூனிட் கணக்கில் கொடுப்பார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. படுக்கைக்கு மணல் இறுகிய அளவில் பன்னிரண்டரை கன அடி. கால் யூனிட் வாங்கினால் இணைப்புகளை நிரப்பவும் மிச்சம் இருக்கும். எல்லோரும் மறந்துவிடுவது தோண்டி எடுக்கும் மண்ணை. இந்த அளவு இடத்தில் அதுவே அரை யூனிட்டுக்கு மேல் வரும். எங்கே கொட்டுவது என்று முதல் நாளே யோசித்து வையுங்கள்.

கட்டட இடிபாடுகளை, ரப்பீஸ் என்று சொல்வார்களே, அதை அடித்தளமாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உடைத்த கான்கிரீட்டும் நல்ல செங்கல் துண்டும் மட்டும் என்றால், சிறிதாக உடைத்துத் தூளோடு கலந்து போடலாம். பூச்சு உதிரி, மரத்துண்டு, பிளாஸ்டிக் கலந்த லோடு என்றால் வேண்டாம். மரம் மக்கினால் அந்த இடம் பொள்ளலாகும்.

இறுக்குவதில் சோம்பல் கூடாது. ஜல்லிக் கலவையை மொத்தமாகக் கொட்டி மேலே ஒருமுறை திமிசு போடுவது பயனற்றது. மேல் 2 அங்குலம் மட்டும் இறுகும், கீழே தளர்வாகவே இருக்கும். 2, 3 அங்குலம் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் குத்தி, பிறகு அடுத்த அடுக்கு. பரப்பு பெரிதென்றால் இறுக்கும் எந்திரம் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. குதிகாலை அழுத்தி ஊன்றித் திரும்பினால் தடம் விழக் கூடாது. அதுதான் அளவு. அடிமண்ணை இறுக்கும்போது மட்டும் மண்ணைப் பொறுத்து முறை மாறும். மணலைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து அமர்த்தலாம். களிமண்ணை ஊறவைத்தால் நாற்று நடத்தான் உதவும்.

படுக்கைக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்கும்போது கான்கிரீட்டுக்கான கரகரப்பான ரகத்தைக் கேளுங்கள். பூச்சுக்கு விற்கும் மெல்லிய பி-சாண்ட் கல்லுக்கடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எறும்புக்கும் அதுதான் பிடிக்கும். ஈர மணலைக் கையில் தேய்த்தால் உள்ளங்கையில் அழுக்குப் படிந்தால் தூள் அதிகம் என்று பொருள். எறும்புத் தொல்லை மிகுந்த வீட்டில் மணலை விட்டுவிட்டுக் குருணை ஜல்லியையே படுக்கையாகப் போடலாம். அதைச் சுமந்து வெளியே கொண்டுவர எறும்பால் முடியாது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தோண்டிய மணலையே சிமெண்டோடு கலக்கும் ஆசை வரும். அந்த மணலில் உப்பு இருக்கும், கலவைக்கு ஆகாது.

பரப்பிய மணலை மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்த பிறகு அதில் கால் வைக்காதீர்கள். கல்லை நேராக இறக்கி வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி நூல் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தளத்தின் ஓரங்களில் செங்கல்லைக் குத்தாக நட்டுக் கலவையில் பிடித்துவிடுவது அவசியம். ஓரம் திறந்திருந்தால் மணல் மழையோடு நழுவிப் போகும், ஓரக் கற்கள் முதலில் சாயும். சிமெண்ட் இல்லாத தளத்தில் சிமெண்ட் செய்ய வேண்டிய ஒரே வேலை இது.

எப்போது செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். களிமண் வீட்டுக்காரர்கள் சித்திரை வெயிலிலும் தொடங்க வேண்டாம் என்பேன். அப்போது மண் அதன் மிகச் சுருங்கிய நிலையில் இருக்கும், அடுத்த மழையில் முழு வீக்கத்தையும் தளம் தாங்க நேரும். தை, மாசியில் மண் நடுநிலையாக இருக்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வெயில் ஏறாத மாதங்கள்.

நாங்கள் ஒரு மாசியில் செய்தோம். அடுத்த மழைக்குப் பிறகு சாக்கட்டியோடு போய் எல்லாக் கற்களையும் தட்டிப் பார்த்தேன். இரண்டு கற்கள் லேசாக இறங்கியிருந்தன, இரண்டும் பழைய கழிவுநீர்க் குழாயின் மேல். குழாயில் ஒழுக்கு இல்லை, நான் திமிசு போட்டதில்தான் குறை. தூக்கி, இரண்டு கைப்பிடி மணல் தூவி, திரும்ப வைத்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.